பேராக் தோட்டங்களில் சங்கம்: கூலிச் சட்டம் முதல் குண்டர் பட்டியல் வரை

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தை ஒட்டி வேலிக்குள் ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ நட்ட கன்றுகளில் எஞ்சியது அது என்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்து அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மரத்துக்குப் பெயர்ப் பலகை உண்டு. அதன் வம்சத்தை மாநிலம் முழுக்க நட்டு, களை பிடுங்கி, பால் வெட்டிய மனிதர்களுக்குப் பலகை இல்லை. 1954இல் பிறந்த தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் எழுபது ஆண்டைக் கடந்து நிற்கிறது. பேராக்கில் அதன் வரலாற்றை எழுத உட்கார்ந்தால், சங்கம் பிறப்பதற்கு முந்தைய எழுபது ஆண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சங்கம் எதிர்த்து நின்றது துரையை மட்டும் அல்ல. வேலையை விட்டு நகர்ந்தவரைக் கைதியாக்கிய சட்டம், அந்தச் சட்டத்துக்குக் கையாக நின்ற போலீஸ், தோட்டத்து ஆள் என்றாலே சந்தேகப்பட்ட ஊர்ப் பார்வை ஆகிய மூன்றும் அதன் எதிரே இருந்தன. மூன்றும் இன்னும் போய்விடவில்லை. அவற்றுக்கு அகப்படும் ஆள்தான் மாறிக்கொண்டே வருகிறார். நம் அமைப்பின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதைச் சொல்லாமல் கூட்டு ஒப்பந்தங்களின் தேதியை மட்டும் சொன்னால், கதையின் பாதியை மறைத்தவர்கள் ஆவோம்.

ஒப்பந்தக் கூலி

1880களில் பேராக்கின் வடமேற்கே கிரியான் மாவட்டத்தில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. அங்கே சேற்று நிலத்தை வெட்டிக் கால்வாய் எடுக்க நாகப்பட்டினத்தில் கப்பலேற்றித் தமிழர்களைக் கொண்டுவந்தார்கள். கப்பல் செலவும் வழிச் செலவும் அவரவர் கணக்கில் கடனாக ஏறின. ஒப்பந்த ஆண்டு முடியும்வரை தோட்டத்தை விட்டு நகரக் கூடாது. வேலைக்கு வராமல் இருந்தது, சொன்ன வேலையைச் செய்ய மறுத்தது, தோட்டத்தை விட்டு ஓடியது என்று முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையில் பேசித் தீரவேண்டிய வழக்கெல்லாம் கிரிமினல் குற்றமாக எழுதப்பட்டிருந்தது. வாரண்டு பிறக்கும், போலீஸ் தேடும், மாஜிஸ்திரேட் அபராதமோ சிறையோ விதிப்பார். கொலையும் களவும் செய்யாத ஒருவர், பக்கத்துத் தோட்டத்தில் கூலி சற்றுக் கூடுதல் என்று கேள்விப்பட்டு இரவில் நடந்ததற்காகக் கைதியானார்.

மலாயாவுக்கு இந்த ஒப்பந்த முறையில் ஆள் எடுப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்குள் ரப்பர் வந்துவிட்டது, கங்காணியும் வந்துவிட்டார். தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவரையே ஊருக்கு அனுப்பி, அவருடைய சொந்தத்தையும் சாதி சனத்தையும் அழைத்துவரச் செய்த முறை இது. 1907இல் அமைந்த இந்தியக் குடியேற்ற நிதியால் கப்பல் செலவு தொழிலாளியின் தலையில் விழுவது குறைந்தது. ஆனால் கொண்டுவந்த ஆள்களில் எத்தனை பேர் பெரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்புக்கு வந்தார்களோ அதற்கேற்பக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே ஆள் ஓடாமல் பார்த்துக்கொள்வது அவர் வயிற்றுப்பாடு ஆயிற்று. முன்பு சட்டம் பிடித்த கையை இப்போது உறவு பிடித்தது. தொழில் தவறுகளுக்குச் சிறை என்ற விதி 1920களின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட பிறகும் தோட்டத்துச் சாலை தனியார் சாலையாகவே இருந்தது. வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல். துரை அழைத்தால் போலீஸ் வரும். கூலிக்காரர் அழைத்தால் வருவார்களா என்று யாரும் சோதித்துப் பார்க்கத் துணியவில்லை.

1920களின் இறுதியில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயித்தார்கள். 1930களின் மந்தம் வந்ததும் அதையும் வெட்டி, ஆயிரக்கணக்கானவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1938இல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதையே தடை செய்தது.

நம்முடையது தனிக் கதை அல்ல. அமெரிக்காவில் 1865இல் அடிமைமுறையை ஒழித்த அரசியல் சட்டத் திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாக மட்டும் கட்டாய உழைப்பை விட்டுவைத்தது. தென் மாநிலங்கள் உடனே வேலையின்றித் திரிவதைக் குற்றமாக்கி, விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கைதியாக்கி, பண்ணைக்கும் சுரங்கத்துக்கும் வாடகைக்கு விட்டன. நம் முன்னோர் கப்பலேறிய தமிழ்நாட்டிலேயே குற்றப் பரம்பரைச் சட்டம் சில சாதியாரைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிவேட்டில் எழுதியது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்த கள்ளர் சமூகத்தவரில் 16 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். எல்லா இடத்திலும் முறை ஒன்றுதான். ஒரு கூட்டத்தின் கைகால்களைக் கட்டிப்போடு. கட்டை அவிழ்த்துக்கொண்டு போனால் அது குற்றம் என்று எழுது. பிறகு அந்தக் கூட்டமே குற்றக் கூட்டம் என்று ஊருக்குச் சொல்.

முள்வேலிக்குள் பிறந்த சங்கம்

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கூலி உயர்வோடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்தல், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழித்தல் ஆகியவையும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. பதிலாகக் கிடைத்தது துப்பாக்கிச் சூடு. தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அடுத்து வந்த ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குப் பேராக் தோட்டங்களிலிருந்தும் லாரி லாரியாக ஆள் போனது. போன குடும்பங்களில் திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

போர் முடிந்து சங்கங்கள் தழைத்த நேரத்தில்தான் சுங்கை சிப்புட் உலகச் செய்தியானது. 1948 ஜூன் 16ஆம் தேதி காலை எல்பில் தோட்டத்தில் மேலாளர் வாக்கரும், பின் சூன் தோட்டத்தில் அலிசன், கிறிஸ்டியன் என்ற இரு வெள்ளையரும் கம்யூனிஸ்டு ஆயுதக் குழுவால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சுட்டவர்களைத் தேடிப் படை காட்டுக்குள் போனது. சட்டத்தின் கை தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குள் வந்தது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனம் செயலிழந்தது. அதன் தலைவராக இருந்த, தஞ்சை மாவட்டத்தில் பிறந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

தோட்டத்து மக்களை ஒரே இடத்தில் குடியமர்த்தி முள்வேலி போட்டார்கள். விடியாத இருட்டில் பெரட்டு முடிந்ததும் கேட்டில் வரிசை நிற்க வேண்டும். காவலர் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார். இடுப்புத் துணியைத் தட்டிப் பார்ப்பார். சமைத்த சோறு அகப்பட்டால், காட்டில் இருப்பவனுக்கு எடுத்துப்போகிறாய் என்று கேள்வி வரும். அதனால் வெறும் வயிற்றோடு நிரைக்குப் போய், முந்நூறு மரம் வெட்டி, பாலெடுத்து, வெயில் ஏறிய பிறகு வந்துதான் வாயில் சோறு வைத்தார்கள். கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் அழுதுகொண்டிருக்கும். எந்தக் குற்றமும் செய்யாத ஓர் ஊரே தினமும் சோதனைக்கு நின்ற காலம் அது.

அந்த வேலிக்கு உள்ளேயிருந்துதான் நம் சங்கம் எழுந்தது. 1954இல் பல மாநிலங்களின் தோட்டச் சங்கங்கள் ஒன்றாகித் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் ஆயின. பி.பி. நாராயணன் பொதுச் செயலாளர். ஆயுதப் பாதைக்கும் அடங்கிப்போகும் பாதைக்கும் நடுவே, எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அவர் ஆயுதமாக்கினார். அரசின் அனுசரணை இருந்ததால் சங்கம் மென்மையாகப் போகிறது என்று அன்றே குறை சொன்னவர்கள் இருந்தார்கள். அந்தக் குறையில் உண்மையும் இருந்தது. ஆனாலும் நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கமாக அது வளர்ந்தது. 1962இல் நாராயணனுக்கு மகசேசே விருது கிடைத்தது. பின்னர் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராகவும் ஆனார். சங்கத்தின் ‘சங்கமணி’ இதழை லயத்தில் ஒருவர் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

சங்கம் தந்த மாற்றத்தைப் பார்க்க ஸ்டோருக்குப் போக வேண்டும். வாளியில் கொண்டுவந்த பாலைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி நிறுத்துவார். ஒரு மிதவையைப் பாலில் விட்டு, அதில் காய்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். அன்றைய கூலி அந்த எண்ணைப் பொறுத்தது. எண் குறைந்தால் தண்ணீர் கலந்தாய் என்ற பழி. அதாவது கூலி குறைவதோடு திருட்டுப் பட்டமும் சேர்ந்து வரும். கிளைத் தலைவர் பக்கத்தில் நின்று, “கிராணியாரே, எண்ணைச் சத்தமாகச் சொல்லுங்கள்” என்று கேட்ட நாளில் இந்தப் பழியும் ஓய்ந்தது. மழை நாளில் வேலை இல்லை, கூலியும் இல்லை என்ற நிலைக்கு எதிரான மாதச் சம்பளக் கோரிக்கை பல பத்தாண்டுகள் நீடித்தது. 2013 சனவரியில் நடப்புக்கு வந்த 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில்தான் அது ஓரளவு கரையேறியது.

தோட்டம் கைமாறியபோது

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கின. இதைத் தடுக்கச் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளியே மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டத்தை வாங்கட்டும் என்பது அவர் எண்ணம். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. 1979இல் அவர் மறையும்போது கூட்டுறவின் கையில் 18 தோட்டங்கள் இருந்தன. பெரிய சாதனை அது. ஆனால் வெள்ளம் அதைவிடப் பெரிது. 1968இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் உட்பட ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. 1980 முதல் 2000 வரை தோட்டங்களை விட்டு வெளியேறிய இந்தியர்கள் சுமார் 3 லட்சம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

வெளியேறியவருக்கு என்ன கிடைத்தது? 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி. முப்பது ஆண்டு பால் வெட்டியவருக்கு 600 நாள் கூலி. இரண்டாண்டுக்கும் குறைவான வருமானம். அதை வைத்து ஈப்போவில் ஒரு வீட்டை வாங்கிவிட முடியாது. லயம் போனதோடு மாரியம்மன் கோயிலும், தமிழ்ப் பள்ளியும், ஆயாக்கொட்டகையும், பிள்ளை தப்பு செய்தால் காதைத் திருகும் அக்கம்பக்கமும் ஒரே நாளில் போயின. புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் புறம்போக்குக் குடிசைகளிலும் மலிவு அடுக்ககங்களிலும் அவர்கள் குடியேறினார்கள். தோட்டத்துப் பள்ளி ஆறாம் வகுப்போடு நிறுத்திய பிள்ளைகளுக்கு நகரம் கொடுத்தது லாரி உதவியாளர் வேலை. அல்லது அதைவிட வேகமாகக் காசு காட்டிய கேங்.

பட்டியலில் நம் பெயர்

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டது. உறுப்பினர் 40,313 பேர். அவர்களில் இந்தியர் 28,926 என்று இனவாரிக் கணக்கையும் சேர்த்துச் சொன்னது. மக்கள் தொகையில் ஏழு சதவீதம் இருக்கும் ஒரு சமூகத்தின் மீது அந்த ஒரே எண் விழுந்த விதத்தை நாம் மறக்க முடியாது. வேலைக்கு நேர்காணல் போன பையனையும் வாடகை வீடு கேட்டுப் போன குடும்பத்தையும் அந்த எண் முந்திக்கொண்டு போனது.

அந்த எண்ணைக் கண்டு கோபப்படுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. கேங் இருக்கிறது. அதன் முதல் பலி நம் பிள்ளைகள்; அது முதலில் காசு பறிப்பதும் நம் கடைக்காரர்களிடம். புந்தோங்கில் ஒரு தாய் இரவு பன்னிரண்டு மணிக்கு வாசலில் நிற்கும் பயத்தை மறுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் இனத்தை எண்ணியவர்கள் இடத்தை எண்ணவில்லை. எந்தத் தோட்டம் எந்த ஆண்டு மூடப்பட்டது, அங்கிருந்த பிள்ளை எந்த வகுப்பில் படிப்பை விட்டான் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது தொழிலாளர் கொள்கையின் கணக்காக வந்திருக்கும். கேட்காததால் இரத்தத்தின் கணக்காக வந்தது.

இரத்தத்தின் கணக்காக எழுதினால், தீர்வும் போலீஸ் மட்டும் என்று ஆகிவிடும். 1969இல் பிறந்த அவசரகால ஆணைச் சட்டம், கேங் ஆள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை விசாரணையின்றி அடைத்துவைக்கப் பல பத்தாண்டுகள் பயன்பட்டது. 2007இல், ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து கைவிட்டதற்காக பிரிட்டிஷ் அரசு மீது லண்டனில் வழக்குப் போட்ட இண்ட்ராப் இயக்கத்தின் ஐந்து தலைவர்கள், டிசம்பர் 13 அன்று உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதாகிக் கொண்டுவரப்பட்டது நம் பேராக்கின் கமுந்திங் தடுப்பு முகாமுக்குத்தான். 2011 ஜூலையில் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர், தோட்ட மக்களின் மருத்துவர் டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் மற்ற ஐவரோடு அந்த அவசரகால ஆணையிலேயே நான்கு வாரம் அடைபட்டார். அவ்வாண்டு இறுதியில் அவசரகாலப் பிரகடனங்கள் நீக்கப்பட்டன. இரண்டே ஆண்டில் குற்றத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, விசாரணையில்லாத் தடுப்பு திரும்பி வந்தது.

2009 சனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் 22 வயதுத் தமிழ் இளைஞர் உயிரிழந்தபோது நாடு அதிர்ந்தது. குடும்பம் தொடுத்த வழக்கில் 2013இல் உயர் நீதிமன்றம் போலீஸைப் பொறுப்பாக்கியது. 2005இலேயே அரச விசாரணை ஆணையம் போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தன்னாட்சியுள்ள ஆணையம் வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. பதினெட்டு ஆண்டு கழித்து, 2023 ஜூலையில் செயலுக்கு வந்த ஆணையம் அந்தப் பரிந்துரையைவிடப் பலம் குறைந்தது. காவலில் ஒருவர் செத்தால் அவர் எந்த இனம் என்று கேட்பதற்கு முன், கதவு யார் பொறுப்பில் இருந்தது என்று கேட்கும் நாடு நமக்கு வேண்டும். நல்ல போலீஸ்காரருக்கும் அதுவே பாதுகாப்பு.

இன்று லயத்தில் இருப்பவர்

இப்போது அதே லயத்துக்கு வாருங்கள். கத்திரி, ஹாரிசன்ஸ் கம்பெனிகளின் தோட்டங்கள் 2007 இணைப்பில் சைம் டார்பியின் கீழ் வந்தன. அங்கே இன்று பால் வெட்டுபவரும் செம்பனைக் குலை தள்ளுபவரும் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர், நம் தமிழ்நாட்டவர். ஏஜெண்டுக்குக் கொடுக்க ஊரில் நிலத்தை அடகு வைத்து வந்திருக்கிறார்கள். பிறருடைய பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் எத்தனையோ அலுவலக அலமாரிகளில் அவை கட்டுக்கட்டாக இருந்திருக்கின்றன. கட்டாய உழைப்புச் சந்தேகத்தின் பேரில் அமெரிக்கச் சுங்கத்துறை 2020 ஜூலையில் டாப் கிளவ் துணை நிறுவனங்களின் கையுறைக்கும், அவ்வாண்டு டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷனின் செம்பனை எண்ணெய்க்கும் தடை போட்டது. முதல் தடை 2021இலும் அடுத்தது 2023இலும் நீங்கின. இடையில் டாப் கிளவ் மட்டும் தன் தொழிலாளர்களுக்கு 13 கோடி வெள்ளிக்கு மேல் ஏஜெண்டு கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கப்பல் செலவைக் கணக்கில் ஏற்றிய கிரியான் கரும்புத் தோட்டத்துக் கடன், நூறாண்டுக்கு மேல் கழித்து வேறு மொழி பேசும் மக்களின் கணக்கில் ஏறியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்தத் தொழிலாளி கொடுமை தாங்காமல் ஓடினால் என்ன ஆகும்? முதலாளி குடிநுழைவுத் துறைக்குத் தகவல் சொல்வார், பெர்மிட் ரத்தாகும். அன்றிலிருந்து அவர் சட்டவிரோதக் குடியேறி, தேடப்படுபவர். 1890இல் நம் பாட்டனார் மீது எழுதிய அதே குற்றம். இன்னொன்றையும் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டும். தாமானில் ஒரு வீடு கொள்ளை போனால் “பங்களா ஆளாகத்தான் இருக்கும்” என்று வங்காளதேசத்தவரைக் காட்டி முதலில் சொல்வது பல நேரம் நம் வீட்டு நாக்குதான். குண்டர் பட்டியல் வந்தபோது நமக்கு வலித்ததை, நாமே இன்னொருவருக்குச் செய்கிறோம்.

சட்டத்தில் ஒரு நல்ல பாலம் இருக்கிறது. தோட்டத்து லயங்களுக்காக எழுந்த போராட்டத்தில் விளைந்த தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், 1990இல் 446ஆம் சட்டமாகி, 2020 முதல் தொழிற்சாலை விடுதிகளுக்கும் விரிந்தது. நம் பெற்றோர் ஒழுகும் கூரையைக் காட்டி வாதாடிப் பெற்ற சட்டம், இன்று ஈப்போ நீதிமன்றத்தில் வெளிநாட்டுத் தொழிலாளியின் படுக்கைக்காகப் பேசுகிறது. இதைவிடப் பெருமை நம் சங்கத்துக்கு வேறில்லை.

இனி செய்ய வேண்டியது

வெளிநாட்டுத் தொழிலாளர் சங்கத்தில் சேரச் சட்டம் தடுக்கவில்லை. சேர்ப்பதில் நாம்தான் மெத்தனமாக இருந்தோம். பேராக்கின் ஒவ்வொரு கிளையிலும் வங்காளத்திலும் நேப்பாளியிலும் இந்தோனேசிய மொழியிலும் சம்பளச் சீட்டைப் படித்துச் சொல்லும் ஒரு மேசை வேண்டும். முதலாளியை விட்டு வந்தவரைப் போலீஸிடம் ஒப்படைப்பதற்கு முன், அவர் ஏன் வந்தார் என்று எழுதி வாங்கும் ஒரு படிவம் வேண்டும். 2022 மார்ச்சில் நாடு ஏற்றுக்கொண்ட கட்டாய உழைப்பு நெறிமுறை அதற்குத் துணை நிற்கும். புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் கைதாகும் இளைஞரின் குடும்பம் இரவில் அழைக்க ஒரு எண்ணும், வழக்கறிஞரை உடனே அனுப்ப ஒரு நிதியும் வேண்டும். மூடிய தோட்டங்களின் பெயர், மூடிய ஆண்டு, வெளியேறிய குடும்பங்கள் ஆகியவற்றைக் கிளை வாரியாகத் தொகுக்க வேண்டும். குற்றத்துக்குக் காரணம் தேடுவோர் கையில் அந்தத் தொகுப்பைக் கொடுக்க வேண்டும்.

சங்கத்தின் அடுத்த ஆண்டறிக்கையில் சந்தா வரவு, கட்டட நிதி ஆகியவற்றோடு இரண்டு கணக்குகள் புதிதாக வரட்டும். இந்த ஆண்டு எத்தனை பாஸ்போர்ட்டுகள் உரியவர் கைக்குத் திரும்பின? காவலில் எடுக்கப்பட்ட எத்தனை பேருக்கு முதல் நாளிலேயே வழக்கறிஞர் கிடைத்தார்? சங்கத்தை நடத்துபவர்களை இந்த இரண்டு எண்களைக் கேட்டுத்தான் உறுப்பினர்கள் எடைபோட வேண்டும்.